பஜ்ஜி, கேசரி, நிஞ்சா

பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணை எதையாவது செய்துகாட்டச் சொல்வார்கள். என் அம்மாவைப் பாடச் சொன்னார்களாம். (அம்மா பாடியும் அப்பா கட்டிக்கொண்டார். அவருடைய நல்ல மனசுக்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.) என் சித்தியை வாசல்வரை நடந்துகாட்டச் சொன்னார்களாம். என்னை ஒரு நிஞ்சாவைக் குதிக்கவைக்கச் சொன்னார்கள்.

அந்த நிஞ்சா நான் பெற்ற பிள்ளை மாதிரி. சென்னையில் பார்த்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, விழுப்புரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து, தனியாளாக ஒரு வீடியோ கேம் செய்தேன். பெயர் 'கறுப்பு முண்டாசு'. சின்ன வயதில் டிவியில் கேசட் சொருகி ஆடினோமே, சதுரம் சதுரமாக ஒரு குட்டி மனிதன் இடமிருந்து வலமாக ஓடுவான், குதிப்பான், பள்ளத்தில் விழுந்து சாவான், நாமும் சளைக்காமல் முதலிலிருந்து தொடங்குவோம், அந்த ரகம். என் ஆள் தலையில் கறுப்பு முண்டாசு கட்டிய நிஞ்சா. கண்ணைத் தவிர உடம்பெல்லாம் துணி.

நிஞ்சாக்களின் ஊரான ஜப்பானை நான் பார்த்ததில்லை. பக்கத்திலிருக்கும் மண்டகப்பட்டுக் குகைக்கோயிலைப் பார்த்திருக்கிறேன். அதனால் என் நிஞ்சா முதல் கட்டத்தில் மல்லாட்டைக் கொல்லையை (வெளியூர்க்காரர்களுக்கு வேர்க்கடலை வயல்) தாண்டி, குகைக்கோயில் தூண்களில் தொற்றி ஏறுவான். இரண்டாம் கட்டத்தில் விக்கிரவாண்டி டோல்கேட்டில் நிற்கிற லாரிகளின் தலைமேல் தாவித் தாவிப் போவான். உலகத்திலேயே கரும்பு லாரிமேல் குதிக்கும் ஒரே நிஞ்சா என்னுடையவன்தான் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது.

உலகத்துக்கு அது தெரியவேயில்லை. கேம் வெளியான நாளன்று நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். உலகம் வேறு வேலையாக இருந்தது. வாங்கியவர்கள் அத்தனை பேரையும் என்னால் பெயர் சொல்லிக் கூப்பிட முடியும். அதில் ஒருத்தி நானே. (வாங்குகிற பொத்தான் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டாமா?) விமர்சனம் எழுதுகிறவர்களுக்கெல்லாம் அனுப்பிப் பார்த்தேன். ஒருவர் மட்டும் பதில் போட்டார், தவறான முகவரிக்கு வந்துவிட்டது என்று.

சொந்தக்காரர்கள் கேட்டால் "ஒர்க் ஃப்ரம் ஹோம்" என்று அப்பா சொல்லிவைப்பார். டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் அவருக்கு அதற்குமேல் விளக்கத் தெரியாது. நான் ஊர்க்காரர்களின் கடைகளுக்கு இணையதளம் செய்துகொடுத்து வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்ததால் அது முழுப் பொய்யும் இல்லை.

இந்த நிலையில்தான் ஏகாம்பரம் பெரியப்பா வரன் கொண்டுவந்தார். அப்பாவுக்கு அண்ணன். விக்கிரவாண்டிப் பக்கம் சொந்த நிலத்தில் மல்லாட்டை போடுகிறவர். ஆறடி உயரம், இரண்டு பக்கமும் கொக்கி மாதிரி வளைந்த மீசை, வலது கன்னத்தில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம், தோளில் எப்போதும் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு. அவர் மெதுவாகப் பேசினால் அடுத்த தெருவுக்குத்தான் கேட்கும். சத்தமாகப் பேசினால் ஹைவேயில் போகிற லாரி ஒதுங்கி நிற்கும். எங்கள் குடும்பத்தில் அவர் வைத்தது சட்டம். அவருக்குக் கோபம் வந்தால் துண்டை உதறித் தோளில் போடுவார். அந்தப் பட்டென்ற சத்தத்துக்கு என் அப்பா இன்றைக்கும் எழுந்து நிற்பார்.

மல்லாட்டை விற்க மார்க்கெட் கமிட்டிக்குப் போன இடத்தில் பெரியப்பாவுக்குப் பழக்கமான குடும்பம். ஒலக்கூரில் நிலம், திண்டிவனத்தில் வீடு. பையன் பார்த்திபன் ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரும் அவர் அம்மா அப்பாவும் வந்தார்கள். நான் அரக்கு நிறப் பட்டுப்புடவையில் பஜ்ஜித் தட்டோடு வந்து நின்றேன். எல்லாம் முறைப்படிதான் போய்க்கொண்டிருந்தது. பார்த்திபனின் அம்மா கேசரியை ஒரு வாய் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"பொண்ணு எந்தக் கம்பெனிம்மா?"

அப்பா தொண்டையைச் செருமினார். "ஒர்க் ஃப்ரம் ஹோம்ங்க."

"அது சரிங்க. இன்னா ஒர்க்கு?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் கேசரியைப் பார்த்தேன். பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"எதுக்குடா முழுங்கிக்கினு நிக்கற? தங்கச்சி, எங்க பொண்ணு சொந்தமா கேம் செஞ்சிருக்குது! புள்ளைங்க செல்லு வெச்சிக்கினு ஆடுதுங்களே, அந்த மாதிரி. ஒத்த ஆளு! மதி, ஜல்தியா அதை டிவில போடு. மாப்ள வூட்டுக்காரங்க பாக்கட்டும்."

அதைப் பெரியப்பா மட்டும் பார்க்கக் கூடாது. காரணம் சொல்கிறேன்.

இந்த மாதிரி கேமில் ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் பெரிய வில்லன் ஒருவன் வருவான். 'பாஸ்' என்பார்கள். அவனை வென்றால்தான் அடுத்த கட்டம். முதல் கட்டத்துக்கு ஒரு பாஸ் வரைய உட்கார்ந்தபோது யாரைப் பார்த்து வரைவது என்று யோசித்தேன். தூக்கம் வராமல் யோசித்தேன். கடைசியில் ஒரு கொக்கி மீசை போட்டேன். பிறகு மச்சம் தானாக வந்து உட்கார்ந்தது. துண்டும் வந்தது. பெரியப்பா ஒருமுறை கொல்லையில் ஆடுகளை விரட்டியபோது செல்போனில் பதிவுசெய்த குரல் வேறு கைவசம் இருந்தது. (காற்றுச் சத்தம் பதியத்தான் போனேன். காற்றைவிட அவர் நன்றாகப் பதிந்தார்.) பெரியப்பா சாகிறவரை கேம் பக்கம் வர மாட்டார் என்ற தைரியம்.

இப்போது அவரே நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு "போடு, போடு" என்கிறார்.

"வயர் இல்ல பெரியப்பா" என்றேன்.

"இதோ இருக்குதும்மா!" என்று அப்பா டிவிக்குப் பின்னாலிருந்து வயரை எடுத்து நீட்டினார். வாழ்க்கையில் அப்பா தேடிய பொருள் உடனே கிடைத்தது அன்றைக்கு மட்டும்தான்.

லேப்டாப்பை டிவியோடு இணைத்தேன். ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்தேன். ஒரே ஒரு வழிதான் தெரிந்தது: பாஸ் வருகிற இடத்துக்குப் போகாமல் முன்னாலேயே செத்துவிடுவது.

செத்தேன். மல்லாட்டைக் கொல்லை வரப்பில் தடுக்கி முதல் சாவு. கிணற்றில் விழுந்து அடுத்தது. அதற்கப்புறம் வழியில் போன ஆட்டின்மேல் மோதி ஒன்று. ஒவ்வொரு சாவுக்கும் 'டொய்ங்' என்று ஒரு சோகச் சத்தம் வைத்திருந்தேன். கூடம் முழுக்க டொய்ங் டொய்ங் என்று கேட்டது.

"ஐயோ, திரும்ப உழுந்துட்டான்" என்றார் பார்த்திபனின் அம்மா. "ஏம்மா, அவனுக்குக் கண்ணு தெரியாதா?"

"கண்ணு மட்டும்தான் அத்தை தெரியும். மீதியெல்லாம் துணி."

யாரும் சிரிக்கவில்லை. அம்மா சமையலறை வாசலில் நின்று பல்லைக் கடித்தார்.

"நல்லாத்தான் ஆடுவா. இன்னைக்குப் பட்டுப்புடவை கட்டிக்கினு இருக்கறதால..." என்று அப்பா முட்டுக்கொடுத்தார். புடவைக்கும் ஜாய்ஸ்டிக்குக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்காதது எங்கள் அதிர்ஷ்டம்.

"நீயே செஞ்ச கேம்ல நீயே சாவறியேம்மா, பேஜாரா இருக்குதே" என்றார் பெரியப்பா. அவர் முகத்தில் நிஜமான வருத்தம். நான் யாருக்காகச் சாகிறேன் என்று அவருக்குத் தெரியாது.

நான் திருப்தியாக அடுத்த கிணற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். என் மானம் போனால் போகட்டும், பெரியப்பாவின் மானம் தப்பித்தால் போதும். அப்போது அதுவரை வாய் திறக்காத பார்த்திபன் நாற்காலி நுனிக்கு வந்தார்.

"நான் ஒரு தடவை பாக்கட்டுங்களா?"

என் மானத்தைக் காப்பாற்ற வருகிறாராம். கொடுக்காமல் இருக்க என்ன காரணம் சொல்வது? கொடுத்தேன்.

மனிதர் சின்ன வயதில் அந்த டிவி கேசட்டுகளிலேயே ஊறியவர் என்று அவர் விரலைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆட்டைத் தாண்டினார், கிணற்றைத் தாண்டினார். குகைக்கோயில் தூணில் தொற்றி, எதிர்த் தூணுக்குத் தாவி, அங்கிருந்து மேலே. நான் நினைத்து வைத்த இடத்தில் நின்றார், நினைத்து வைத்த இடத்தில் பதுங்கினார். நான் மாடியறையில் தனியாக உட்கார்ந்து செய்த ஒவ்வொரு முடிச்சையும் இன்னொரு ஆள் அவிழ்க்கிறதை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். பார்த்துக்கொண்டேயிருக்கலாம் போல இருந்தது.

திடீரென்று நிறுத்தினார். நிஞ்சாவை இரண்டடி பின்னால் நடத்தினார். மறுபடி முன்னால்.

"ஏங்க, இந்தத் தூண்மேல உக்காந்திருக்குற காக்கா... நம்ம போற பக்கம் தலையைத் திருப்புதுங்க!"

அந்தக் காக்காவின் தலையைத் திருப்ப எனக்கு ஒரு வாரம் பிடித்தது. கேமுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. காக்கா என்றால் பார்க்கும், அதனால் செய்தேன். உலகத்தில் ஒருவரும் கவனித்ததில்லை. இந்த ஆளைத்தான் கட்டிக்கொள்வது என்று நான் முடிவுசெய்தது அந்த நொடியில்.

அடுத்த நொடியில் நினைவு வந்தது: காக்கா தாண்டினால் குகை வாசல். குகை வாசலில் பாஸ்.

"போதுங்க, காபி ஆறுது" என்றேன்.

"ஒரு நிமிஷங்க."

"பஜ்ஜி வேற ஆறுதுங்க."

"இருக்கட்டுங்க."

வேறு வழியில்லை. காபித் தம்ளரை எடுக்கிற மாதிரி எழுந்து, தரையில் கிடந்த வயரைக் காலால் ஒரு இழு இழுத்தேன். டிவி இருண்டது. பெருமூச்சு விட்டேன்.

டிவி அணைந்தால் சத்தம் லேப்டாப் வழியாக வரும் என்பது நான் மறந்த விஷயம். (கம்ப்யூட்டர் படித்தவள்!)

முதலில் பாஸுக்காக நான் போட்ட இசை எழுந்தது: டட்டடாங், டட்டடாங். அதைத் தொடர்ந்து, இருண்ட டிவிக்கு முன்னால் எல்லோரும் உட்கார்ந்திருக்க, அந்தக் கூடத்தில் ஒரு குரல் முழங்கியது.

"டேய்! எவன்டா அவன் கொல்லையில கால வெச்சது? கால ஒடிச்சி அடுப்புல வெச்சிருவேன்!"

எல்லோரும் ஒரே நேரத்தில் பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வாய் நிறைய வாழைக்காய் பஜ்ஜி. பேசியிருக்க வழியே இல்லை. அவரே திகைத்துப்போய்த் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அதற்குள் அப்பா ஓடிவந்து, உபகாரமாக, வயரைச் சரியாகச் செருகிவிட்டார்.

டிவி முழுக்க ஒரு உருவம். கொக்கி மீசை. வலது கன்னத்தில் மச்சம், ஒரே ஒரு சதுரம். சிவப்புக் கட்டம் போட்ட துண்டு. அது போதாதென்று கீழே கொட்டை எழுத்தில் பெயர். பார்த்திபனின் அப்பா அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ஏ... காம்... ப... ரா... சு... ரன்."

சமையலறையில் ஏதோ கரண்டி விழுந்தது. பதறிப்போன பார்த்திபன் ஏதோ பொத்தானை அழுத்த, திரையில் இருந்த அசுரன் துண்டைச் சுழற்றி வீசினான். என் நிஞ்சா பறந்துபோய்ச் சுவரில் மோதிச் செத்தான். டொய்ங்.

பெரியப்பா பஜ்ஜியை விழுங்கினார். எழுந்தார். துண்டைப் பட்டென்று உதறித் தோளில் போட்டார். திரையில் அவனும் அச்சாக அப்படியே செய்துகொண்டிருந்தான். பார்த்திபனின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பெரியப்பா செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.

பார்த்திபனின் அம்மா முந்தானையை விலக்கினார். இப்போது சிரிப்பு இல்லை.

"ஏம்மா, வூட்டுப் பெரியவரையே அசுரனா வரைஞ்சி வெச்சிருக்கியே. நாளைக்கு எங்க வூட்டுக்கு வந்தா எங்கள இன்னா பண்ணுவ?"

நியாயமான கேள்வி. கெட்டிக்காரத்தனமாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். உண்மைதான் வந்தது.

"யாராலயும் சுலபமா ஜெயிக்க முடியாத ஒரு ஆள் வேணும்னு யோசிச்சேன் அத்தை. என் வாழ்க்கையில அப்படி ஒருத்தரைத்தான் தெரியும். நான் வேலையை வுட்டப்ப ஊரே ஏசுச்சி. பெரியப்பா மட்டும்தான் 'அவ இஷ்டப்படி செய்யட்டும், எவன் கேக்கறான்னு பாக்கறேன்'னு சொன்னாரு. அதுக்கப்புறம் ஒருத்தரும் கேக்கல."

சொல்லி முடித்ததும்தான் அதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை என்று உறைத்தது. ஓடினேன்.

பட்டுப்புடவை, தலை நிறைய மல்லி, நெற்றிச்சுட்டி, கையில் என்னவோ தெரியாமல் எடுத்துவந்த கேசரிக் கரண்டி. இந்தக் கோலத்தில் தெருவில் ஒருத்தி ஓடினால் ஊர் என்ன நினைக்கும்?

"இன்னா மதி, மாப்ள புடிக்கலையா?" என்று எதிர் வீட்டு அக்கா மொட்டைமாடியிலிருந்து கத்தினார்.

"புடிச்சிருக்குதுக்கா!" என்று நானும் ஓடியபடி கத்தினேன். திறந்திருந்த எங்கள் வீட்டு ஜன்னல் வழியாக அது உள்ளே தெளிவாகக் கேட்டதாம். இது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பெரியப்பா தெருமுனை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் டீ இல்லை. நான் மூச்சு வாங்க எதிரில் போய் நின்றேன்.

"எதுக்கும்மா வந்த? அசுரன் கிட்ட வரலாமா?"

"தப்பா எடுத்துக்காதீங்க பெரியப்பா."

"எப்படி எடுத்துக்கறது? நாலு பேரு முன்னால..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தி, மீசையைத் தடவிப் பார்த்தார். "இது அவ்ளோவா வளைஞ்சிருக்குது?"

"கொஞ்சம் ஜாஸ்தியா போட்டுட்டேன்."

நான் உள்ளே சொன்னதையெல்லாம் அவரிடமும் சொன்னேன். அழுகை வேறு வந்து தொலைத்தது. கரண்டியில் ஒட்டியிருந்த கேசரி புடவையில் விழுந்தது. அவர் தோள் துண்டை எடுத்து நீட்டினார். முகத்தைத் துடைக்கவா, புடவையைத் துடைக்கவா என்று தெரியாமல் இரண்டையும் துடைத்துக்கொண்டேன்.

"சரி, வுடு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி (அதாவது டீக்கடைக்கு மட்டும் கேட்கிற மாதிரி), "அந்தக் கறுப்புத் துணிக்காரன் என்னை ஜெயிச்சிருவானா?" என்று கேட்டார்.

"இதுவரைக்கும் வெளியாளு ஒருத்தராலயும் முடியல பெரியப்பா."

அந்த இடம்வரை ஆடிவந்த வெளியாளே பார்த்திபன் ஒருவர்தான் என்பதை நான் சொல்லவில்லை.

பெரியப்பாவின் மீசை இரண்டு பக்கமும் மெல்ல உயர்ந்தது. துண்டை என் கையிலிருந்து வாங்கி, உதறி, தோளில் போட்டார். "வா, போவலாம்."

வீட்டுக்குள் நுழைந்தவர் நேராகப் போய் நடுநாற்காலியில் உட்கார்ந்தார். பார்த்திபனைப் பார்த்து, "இன்னா மாப்ள, சும்மா உக்காந்துக்கினு இருக்கீங்க? ஆடுங்க. என்னை ஜெயிங்க பாக்கலாம்" என்றார்.

அதன்பிறகு நடந்ததைப் பெண் பார்க்கும் வைபவம் என்று யாரும் சொல்ல முடியாது. பார்த்திபன் ஆட ஆட, பெரியப்பா பாஸ் பக்கம் நின்று கத்தினார். "வீசுடா துண்டை! எட்டி ஒதைடா! அவனை வுட்றாத!" நிஞ்சா சாகும்போதெல்லாம் தொடையைத் தட்டினார். பார்த்திபனின் அம்மா பிள்ளை பக்கம். "குதிடா, குதிடா! ஐயோ, சோறு போட்டுத்தானே வளத்தேன்!" திண்டிவனம் போகிற நேரம் தாண்டி, பஜ்ஜி தீர்ந்து, அம்மா சோறே வடித்துவிட்டார்.

நடுவில் பார்த்திபன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் என்னிடம் முணுமுணுத்தார். "இவரை எப்படிங்க ஜெயிக்கறது?"

"ஜெயிச்சிராதீங்க. கல்யாணம் நின்னுரும்" என்று நானும் முணுமுணுத்தேன்.

நாங்கள் இருவரும் தனியாகப் பேசியது அன்றைக்கு அவ்வளவுதான். அவர் கடைசிவரை ஜெயிக்கவில்லை. பாஸ் துண்டை வீசும் முன் இடது காலைத் தூக்குவான், அப்போது கீழே குனிந்தால் போதும் என்பதை அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டதாகவும், பெரியவர் முகத்தைப் பார்த்துக் குனியாமல் விட்டதாகவும் கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னார்.

கல்யாணம் திண்டிவனத்தில் நடந்தது. நிச்சயதார்த்தத்தின்போதே என் மாமியார் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: தங்கள் வீட்டு ஆள் ஒருவரையும் நான் கேமில் போடக் கூடாது. ஒத்துக்கொண்டேன். இப்போது நானும் பார்த்திபனும் லேப் மூடிய பிறகு இரண்டாவது கேம் செய்துகொண்டிருக்கிறோம். அதில் ஒரு மகாராணி வருகிறாள் என்று தெரிந்ததிலிருந்து மாமியார் என் மேசைப் பக்கம் வரும்போதெல்லாம் தலையை வாரிக்கொண்டு வருகிறார்.

'கறுப்பு முண்டாசு' பெரிய வெற்றி ஒன்றும் அடைந்துவிடவில்லை. ஆனால் பெரியப்பா தன் ஊரில் செல்போன் வைத்திருக்கிற ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. அதைப் போன்கேமாக மாற்றித்தரச் சொல்லி என் உயிரை எடுத்து, மாற்றியதும் "என்னை ஜெயிச்சிப் பாருடா" என்று வீடு வீடாக ஏற்றிவிட்டார். அங்கிருந்து கமிட்டிக்குப் போயிற்று, லாரி டிரைவர்கள் கைக்குப் போயிற்று. எங்கோ தூரத்து ஊரிலிருந்து முகம் தெரியாத ஒருவர், காக்கா அழகாகத் திரும்புகிறது என்று எழுதியிருந்தார். அன்றைக்கு நாங்கள் லேப்பில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தோம். (சர்க்கரை பார்க்க வந்தவர்களுக்கு மட்டும் கொடுக்கவில்லை.)

கல்யாண மண்டபத்தில் இன்னொன்றும் நடந்தது. பார்த்திபன் மேளக்காரர்களிடம் முன்கூட்டியே எதையோ சொல்லிவைத்திருக்கிறார். சீர்வரிசையோடு பெரியப்பா வாசலில் கால் வைத்ததும் நாயனமும் தவிலும் சட்டென்று கல்யாண ராகத்தை விட்டுவிட்டு 'டட்டடாங், டட்டடாங்' என்று முழங்கத் தொடங்கின. மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. பெரியப்பா அசையாமல் நின்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தாளத்துக்கு ஏற்றபடி ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்து மணமேடைவரை வந்தார்.

அதிலிருந்து எங்கள் இரண்டு குடும்பத்திலும் அவர் எந்த வீட்டுக்கு வந்தாலும் யாராவது ஒருவர் வாயாலேயே அந்த இசையைப் போட்டாக வேண்டும். போன வாரம் எங்கள் வீட்டுக்கு மல்லாட்டை மூட்டையோடு வந்தார். நான் அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வேலையாக இருந்ததில் கவனிக்கவில்லை. வெகுநேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், தோளில் மூட்டையோடு வாசற்படிக்கு வெளியிலேயே நிற்கிறார்.

"உள்ள வாங்க பெரியப்பா, ஏன் வெய்யில்ல நிக்கறீங்க?"

"போடும்மா மொதல்ல" என்றார்.